பத்து வாரங்களைக் கழிக்கத் தெரிந்த இடம்

எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவைத் தாண்டி ஆய்வகத்தின் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால், ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையம் என்ற பலகை தெரியும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டு பயிற்சி தரும் இடம் அது. ஊழியர்கள் அதை டி.இ.ஐ.சி. என்கிறார்கள். வரிசையில் காத்திருக்கும் தாய்மார்களுக்கு அது வெறும் "தெரபி ரூம்". குறைமாதத்தில் பிறந்த என் மகனைத் தூக்கிக்கொண்டு கடந்த ஒன்றரை ஆண்டுகளில் பதினான்கு முறை அங்கே போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதில் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. ஆகவே ஊரையும் ஊழியர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் 39 வாரம் நிறைந்து பிறந்தாள். இளையவன் 30 வாரத்தில், 1,280 கிராம் எடையுடன் பிறந்தான். 37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் எந்தக் குழந்தையும் குறைமாதக் குழந்தைதான் என்றாலும், 28 முதல் 32 வாரத்துக்குள் பிறப்பவர்களை மருத்துவர்கள் தனி வகையாகவே பார்க்கிறார்கள். 41 நாள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவன் முழங்கை என் கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. மூச்சு, பால், எடை, கண் பரிசோதனை என்று ஒவ்வொரு கவலையாகத் தீர்ந்துகொண்டு வந்த நேரத்தில், உடல் அசைவு குறித்த கவலை மெல்லத் தலையெடுத்தது. "மூத்தவ அஞ்சாம் மாசம் முடியறதுக்குள்ள குப்புற விழுந்துட்டா. இவனுக்குத் தலையே இன்னும் நிக்கலியேம்மா" என்று அத்தை ஒருநாள் கேட்டார். அவர் கேட்டதில் குற்றம் ஏதும் இல்லை. என் மனத்திலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

அரசு மையத்துக்குப் போவதற்கு முன்பு நாங்கள் போன இடத்தைப் பற்றிச் சொன்னால்தான், பின்னால் நான் பாராட்டப்போவது எதற்காக என்பது விளங்கும். அது ஒரு தனியார் தெரபி நிலையம். குளிர்சாதன வசதி, சுவரெங்கும் கார்ட்டூன் படங்கள், வரவேற்பறையில் சிரித்த முகம். அங்கே மேசையின் மேல் ஒரு அட்டவணையை விரித்தார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணை அது; முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, மல்லாந்த நிலையிலிருந்து புரள்வது, கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் திரும்புவது என்று தொடங்கி, பின்னோக்கி நடப்பது, பொம்மையின் உறுப்புகளைக் காட்டுவது வரை 17 திறன்களுக்கு 17 பட்டைகள் படுக்கைவசத்தில் வரையப்பட்டிருக்கும். குழந்தையின் வயதில் ஒரு அளவுகோலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். கோட்டுக்கு இடப்புறம் முழுவதுமாக முடிந்துவிட்ட பட்டைகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்துகொண்டிருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் அது தாமதம். எளிமையான, நல்ல கருவி. ஆனால் அந்த நிலையத்தார் பிறந்த தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு, அளவுகோலை ஐந்து மாதத்தின் மேல் வைத்தார்கள். தலை நிற்பதற்கான பட்டை இடப்புறத்தில் முடிந்துபோயிருந்தது. "உங்கள் குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம் இருக்கிறது" என்று சொல்லி, அமர்வுக்கு 600 ரூபாய் வீதம் முப்பது அமர்வுகளுக்கான திட்டம் ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். பத்து அமர்வுகளுக்குப் பணம் கட்டிவிட்டு வீடு திரும்பினோம். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அரசு மையத்தில் முதல் நாள் எங்களைப் பார்த்த இயன்முறைச் சிகிச்சையாளர் அதே அட்டவணையைத்தான் எடுத்தார். ஆனால் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாரத்துல பொறந்தான்?" என்பது. முப்பது என்றேன். ஒரு துண்டுத் தாளில் 40 என்று எழுதி, அதன் கீழே 30 என்று எழுதிக் கழித்தார். அன்றைக்கு அவன் பிறந்து 22 வாரம் ஆகியிருந்தது. அதிலிருந்து 10 வாரம் போக, 12. ஐந்து மாதத்தின் மேல் இருந்த அளவுகோலைச் சுண்டுவிரலால் இடப்புறமாகத் தள்ளி, மூன்று மாதத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். தலை நிற்பதற்கான பட்டை இப்போது கோட்டின் இரு பக்கமும் நீண்டிருந்தது. அதாவது, அவனுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அளவுகோல் நகர்ந்தது ஒரு விரலகலம்தான். "இதத்தான் நாங்க திருத்தின வயசுன்னு சொல்றோம் தங்கச்சி. ரெண்டு வயசு வரைக்கும் இவனுக்கு எல்லாத்தையும் இதுலதான் பாக்கணும்" என்றார் அவர். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்கில்தான் போட வேண்டும் என்பதையும், நான் கேட்காமலேயே சேர்த்துச் சொன்னார்.

இந்தக் கழித்தலை மருத்துவம் படித்தவர்கள் மட்டும்தான் செய்ய முடியும் என்பதில்லை. ஆனாலும் கட்டணம் வாங்கும் இடத்தில் செய்யத் தவறியதை, கட்டணம் இல்லாத இடத்தில் முதல் நிமிடத்திலேயே செய்தார்கள் என்பதால், இந்த மையத்தின் மதிப்பை நான் இங்கிருந்துதான் கணக்கிடத் தொடங்குகிறேன்.

அதே சமயம், கழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. குறைமாதக் குழந்தை என்பது பத்து வாரம் இளைய நிறைமாதக் குழந்தை அன்று, அவனுடைய அசைவுகள் வளரும் பாதையே சற்று வேறு என்பதை இரண்டாம் முறை போனபோது பொறுமையாக விளக்கினார்கள். கருப்பையில் கடைசி வாரங்களில் இடம் நெருக்கடியாகிவிடுவதால், குழந்தை கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கிறது. பிறந்தவுடன் நிறைமாதக் குழந்தையிடம் நாம் பார்க்கும் மூடிய கைகளும் மடங்கிய முழங்கால்களும் அந்த நெருக்கடி கொடுத்த வரம்தான். 28 வாரக் குழந்தையின் உடல் ஏறத்தாழ முழுதும் தளர்ந்திருக்கும். 32 வாரத்தை ஒட்டிக் கால்களில் மடக்கம் வரத் தொடங்கும், 36 வாரத்தை ஒட்டிக் கைகளுக்கு ஏறும், 40 வாரத்தில் முழு உடலும் மடங்கும். காலிலிருந்து தலையை நோக்கி ஏறிவரும் இந்த வேலை பாதியில் இருக்கும்போதே வெளியே வந்துவிட்ட குழந்தையை, இன்குபேட்டரில் மல்லாக்கப் போட்டால், புவியீர்ப்பு அதன் கைகால்களைப் படுக்கையோடு படுக்கையாக விரித்துவிடுகிறது. என் மகன் தவளையைப் போலக் கால்களை அகட்டிக்கொண்டு கிடந்ததும், செவிலியர்கள் துணியைச் சுருட்டி அவனைச் சுற்றிக் கூடு போல அணைகட்டி வைத்ததும் ஏன் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அந்த 41 நாளில் ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு நேரம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இப்படி விரிந்து கிடந்த குழந்தைக்கு, பின்னோக்கி வளையும் தசைகள் முந்திக்கொண்டு வலுப்பெறுகின்றன. தோள்கள் பின்னால் இழுபடுகின்றன. தோள் பின்னால் போனால் இரு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் சேர்வதில்லை; கைகள் சேராத குழந்தை தன் கையைத் தானே பார்த்து விளையாடுவதில்லை, பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதில்லை, உடலைச் சுருட்டிப் புரள்வதும் தள்ளிப்போகிறது. அசைவு என்பதை நாம் தேதிகளின் பட்டியலாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் சங்கதி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தோள்களை இரு கட்டைவிரல்களால் மென்மையாக முன்னே கொண்டுவந்து, கைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் நொடியில் அவன் கண்கள் விரிவதைச் சிகிச்சையாளர் காட்டியபோது, என் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல, "இத ஒரு நாளைக்குப் பத்து வாட்டி, பால் குடிச்சு அர மணி கழிச்சு" என்று மட்டும் சொன்னார்.

எல்லாப் பெற்றோரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கும் கேள்வி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு குன்றிப்போகும் பெருமூளை வாதம் பற்றியது. 24 முதல் 32 வாரம் வரை, மூளையின் நீரறைகளை ஒட்டியிருக்கும் வெண்பகுதி ரத்தக் குறைவுக்கும் தொற்றுக்கும் எளிதில் சேதமடையக் கூடியது. கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுவதால்தான், குறைமாதக் குழந்தைகளுக்கு வாதம் வரும்போது கைகளைவிடக் கால்கள் அதிகம் விறைத்துக்கொள்கின்றன. உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேனில் என் மகனுக்கு முதல் நிலை ரத்தக்கசிவு என்று எழுதியிருந்தது. நான்கு நிலைகளில் அது மிக லேசானது என்று டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் "லேசானது" என்ற சொல்லை எந்தத் தாயும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் மையத்தின் மருத்துவர் செய்த சோதனை எனக்கு வியப்பாக இருந்தது. குழந்தையைத் தொடவே இல்லை. பால் குடித்து விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, மெல்லிய சட்டையோடு பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, கிலுகிலுப்பையோ கொஞ்சலோ இல்லாமல் சில நிமிடம் காணொளி எடுத்தார். வியன்னாவில் பிறந்து, நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. பிரசவம் நிகழ்ந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஏறத்தாழ 9 வாரம் முதல் 20 வாரம் வரை, நலமான குழந்தையின் கழுத்து, இடுப்பு, கைகால்கள் எல்லாம் எல்லாத் திசையிலும் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கும். நாம் அதைக் கண்டும் காணாமல் போய்விடுவோம். அந்த நெளிவசைவுகள் அறவே இல்லை என்றால், பெருமூளை வாதத்துக்கான வாய்ப்பு மிக அதிகம் என்று கருதி, காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். இருந்தால், அது பெரிய நிம்மதி. திருத்திய வயதில் பன்னிரண்டு வாரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தது, எங்களுடைய சாமர்த்தியம் இல்லை, தற்செயல். பிந்திப் போகும் பெற்றோருக்கு இந்தச் சாளரம் மூடிவிடும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காணொளியை என்னோடு சேர்ந்து பார்த்தபடி, "இதோ மணிக்கட்டு, இதோ கணுக்கால், பாருங்க, சும்மா இருக்கானா?" என்று அவர் விரலால் சுட்டிக்காட்டினார். சும்மா இல்லை. அவன் பாயில் ஒரு மண்புழுவைப் போல நெளிந்துகொண்டிருந்தான்.

பயிற்சிகளைப் பொறுத்தவரை, அங்கே கருவிகள் குறைவு, கைகள்தான் அதிகம். பச்சை ரெக்சின் பாய், இரண்டு பெரிய பந்துகள், ஒரு சாய்வு மரம், கண்ணாடி, ஒரு பை நிறையக் கிலுகிலுப்பைகள், அவ்வளவுதான். என் மகனைக் குப்புறப் போட்டால் முதலில் பத்து விநாடிகூடத் தாங்க மாட்டான்; முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு அலறுவான். சிகிச்சையாளர் ஒரு குளியல் துண்டைச் சுருட்டி அவன் மார்புக்கு அடியில் வைத்தார்; முழங்கைகள் துண்டுக்கு முன்னால் ஊன்றுமாறு இழுத்துவிட்டார்; இடுப்பின் மேல் தன் உள்ளங்கையை, அழுத்தாமல், சும்மா பாரமாக வைத்தார். பின்னால் பாரம் இறங்கியதும் முன்னால் தலை எழும்பியது. நான் அவன் முகத்துக்கு நேரே என் முகத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்படியே படுத்தேன், சேலை முழுக்கத் தூசி. அவன் விரல்கள் ரெக்சினைச் சொறிகிற சத்தம் காதுக்கு அருகில் கேட்டது. நாற்பது விநாடி என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த ஒரு அமர்வில் கற்றதை வீட்டில் நாள் முழுக்கச் செய்தோம். அமர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், தாயின் கைக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து அனுப்புவது இந்த மையத்தின் வழி. மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று அவர்களே சொன்னது எனக்கு முதலில் அக்கறையின்மையாகப் பட்டது. பிறகுதான், ஒரு மணி நேரத் தெரபியைவிட வீட்டில் தரையில் கழியும் எட்டு மணி நேரம் பெரிது என்ற கணக்கு விளங்கியது. தூளியைப் பற்றி அத்தை கேட்டதற்கு, தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் என்றால் சரி, விழித்திருக்கும் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் அது எதை ஊன்றி எழும் என்று திருப்பிக் கேட்டார்கள். அத்தைக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அன்று மாலையே கூடத்தில் ஜமுக்காளம் விரித்துவிட்டார்.

திருத்திய வயது ஆறு மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. தூக்கி நிறுத்தினால் அவன் நுனிவிரலில் நின்றான். கால்கள் கம்பு போல விறைத்தன. "எவ்வளவு பலம் பாரு" என்று உறவினர்கள் மெச்சினார்கள். மையத்தில் மெச்சவில்லை. ஒரு கோணமானியை எடுத்துத் தொடைகளை விரித்து ஒரு முறை, முழங்காலுக்குப் பின்னால் ஒரு முறை, கணுக்காலில் ஒரு முறை என்று அளந்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் குளோதீன் அமியேல்-திசோன் வகுத்த கோணங்கள் இவை. தொடைகளின் கோணம் நான்கு முதல் ஆறு மாதத்தில் 70 முதல் 110 பாகைக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு 80, பரவாயில்லை. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் முதல் ஆண்டில் 60 முதல் 70 பாகைக்குள் வர வேண்டும். வலது கால் 70, இடது கால் 80. இந்த மதிப்பீட்டோடு, லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் உருவான 26 அம்சங்கள் கொண்ட நரம்பியல் பரிசோதனையையும் செய்து, 78க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, இடம் வலம் வேறுபாட்டைத் தனியாகக் குறித்துக்கொண்டார்கள். குறைமாதக் குழந்தைகள் பலருக்கு முதல் ஆண்டின் நடுவில் இப்படி ஓர் இறுக்கம் வந்து, ஓராண்டை ஒட்டித் தானாகத் தளர்ந்துவிடுவது உண்டு என்றும், சிலருக்குத் தளராமல் போவதும் உண்டு என்றும், எது என்பதைக் காலம்தான் சொல்லும் என்றும் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். பொய்யான தைரியம் தராததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. கணுக்காலை நீவி மடக்கும் பயிற்சியை எழுதிக் கொடுத்து, மூன்று வாரத்தில் வரச் சொன்னார்.

அப்போதுதான் வாக்கரைப் பற்றிய பேச்சும் வந்தது. என் தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த, வட்டச் சட்டத்தில் சக்கரங்களும் நடுவில் தொங்கும் இருக்கையும் கொண்ட வாக்கர் வீட்டில் இருந்தது. அதில் உட்காரும் குழந்தை நுனிவிரலால் தரையை உந்தியே பழகும். என் மகனிடம் எதைக் குறைக்கப் பார்க்கிறோமோ அதையே அது வளர்க்கும். தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது, சமநிலையும் பழகாது. படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் பலர் என்பதால், கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து அதை விற்பதற்கே தடை இருக்கிறது. அதை மாடியில் ஏற்றிவிட்டு, அத்தையின் ஊரிலிருந்து பழைய மர நடைவண்டியை வரவழைத்தோம். மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைப் பிடிக்கும், தன் எடையைத் தானே தாங்கும், பாதம் முழுவதையும் தரையில் பதித்துத் தள்ளும். சிகிச்சையாளரிடம் படத்தைக் காட்டினேன். "இதக் கண்டுபிடிச்ச ஆசாரிக்கு எங்க படிப்பு தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார்.

நிறைமாதக் குழந்தைகளுக்கு எல்லாம் நேரத்தில் நடக்கும் என்ற எண்ணத்தையும் இந்த இடம் எனக்குக் கலைத்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் வெளியிட்ட வரையறைகளின் அட்டை சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. இரு முனைகளுக்கும் இடையே ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி. அதைவிட, முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் சற்று அதிகம். என் மூத்த மகள் அந்த வகை. உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியவள், பதினான்காம் மாதத்தில் ஒருநாள் எழுந்து நடந்துவிட்டாள். நிறைமாதம் என்பதால் அவளை யாரும் எந்த அட்டவணையிலும் வைத்துப் பார்க்கவில்லை.

நம் பிள்ளைத்தமிழ் மரபிலும் இதே படிகள்தான் இருக்கின்றன என்பது காத்திருந்த ஒருநாள் எனக்குத் தோன்றியது. ஒரு காலை மடித்து மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கு. உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்துக்கு. தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டி. புலவர்கள் வரையறுத்த இந்த மாதங்கள் சுவரில் உள்ள அட்டையின் எல்லைகளுக்குள் சிரமமின்றி அடங்குகின்றன. என் மகனின் சப்பாணி பத்தாம் மாதத்தில்தான் வந்தது; கழித்துப் பார்த்தால் எட்டாம் மாதம் முடியவில்லை.

இனி, குறைகள். செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள்தான் குறைமாதக் குழந்தைகளுக்கான தொடர் பரிசோதனை. ஏழரை மணிக்கு டோக்கன் வாங்கினால் பத்து மணிக்கு மேல்தான் மருத்துவர் வருவார். நான் அதிகபட்சமாக மூன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். இதை அவர்களுடைய சோம்பல் என்று சொல்ல மாட்டேன். உலகில் 2020இல் குறைமாதத்தில் பிறந்த 1.34 கோடிக் குழந்தைகளில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். அந்த எண்ணின் ஒரு துளிதான் செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சந்தில் நிற்கும் கூட்டம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையம், பிறவிக் குறைபாடு முதல் வளர்ச்சித் தாமதம் வரை, பிறந்த சிசு முதல் 18 வயதினர் வரை எல்லோரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் காய்ச்சலும் இருமலுமாக வரும் குழந்தைகளையும் நுரையீரல் தேறாத குறைமாதக் குழந்தைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதற்கு எந்தக் கூட்டமும் காரணமாகாது. ஒரு தடுப்பும் தனி நேரமும் போதும். நாங்கள் அங்கே போகத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் என் மகனுக்குத் தொற்றிய சளி, மூன்று வாரப் பயிற்சியைக் கெடுத்தது.

அட்டையில் எழுதுவது எல்லாம் ஆங்கிலத்தில். பக்கத்தில் இருந்த பெண், "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று என்னிடம்தான் கேட்டார். வீட்டுப் பயிற்சிக்கான படங்கள் நகலுக்கு நகல் எடுத்துக் கருத்துப்போய், குழந்தையின் தலை எது கால் எது என்று தெரியாத நிலையில் இருக்கின்றன. கேள்திறன் சோதனைக்கு வேறு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போக வேண்டும். நான் போன மூன்று முறையும் லிஃப்ட் ஓடவில்லை. பாலூட்டத் திரை ஒன்று இருக்கிறது, மின்விசிறி இல்லை. சில மாதம் கைத்திறன் பயிற்சியாளர் பணியிடம் காலியாகவே கிடந்தது. அந்த மாதங்களில் விரல்களுக்கான பயிற்சி பெயரளவில்தான் நடந்தது. டோக்கன் கொடுக்குமிடத்தில் இருப்பவருடைய பேச்சைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

இவற்றைவிட எனக்குப் பெரியதாகப் படும் குறை, வராமல் போனவர்களை யாரும் தேடுவதில்லை என்பது. முதல் நாள் என்னோடு வரிசையில் இருந்த ஐந்து தாய்மார்களில், ஆறாம் மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரைத்தான் பார்த்தேன். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, வீட்டில் இருக்கும் மற்றொரு பிள்ளை, "நல்லாத்தான இருக்கான், எதுக்கு அலையணும்" என்ற மாமியாரின் சொல் என்று காரணங்கள் பல. குறைமாதக் குழந்தையின் அசைவுக் குறை பல சமயம் மெல்ல வெளிப்படுவது. நன்றாக இருப்பது போலத் தோன்றும் மாதங்களில்தான் பார்த்திருக்க வேண்டும். அட்டையில் எங்கள் கைபேசி எண்ணை எழுதி வாங்குகிறார்கள். அந்த எண்ணுக்கு ஒரு முறையும் அழைப்பு வந்ததில்லை.

மதிப்பெண் கேட்டால், சிகிச்சைத் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை, நிர்வாகத்துக்கு இரண்டு. போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சுருக்கம், தலை ஸ்கேன், கண் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பாயின் மேல் விரிக்கச் சொந்தமாக ஒரு பருத்தித் துணியும், குழந்தைக்குப் பிடித்த ஒரு கிலுகிலுப்பையும் எடுத்துச் செல்லுங்கள். பசியோடோ தூக்கத்தோடோ கொண்டுபோனால் எந்தச் சோதனையும் நடக்காது, எனவே டோக்கனை வீட்டார் ஒருவர் முன்னால் போய் வாங்கினால் நல்லது.

என் மகன் திருத்திய வயதில் பதினைந்தாம் மாதம் முடிந்த வாரத்தில் நடந்தான். நடைவண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு, அத்தையை நோக்கி நான்கடி. ஐந்தாவது அடியில் உட்கார்ந்துவிட்டான். இடது குதிகால் இன்னும் ஓடும்போது தரையில் முழுதாகப் படிவதில்லை. போன முறை அளந்தபோது 75 பாகை. தினமும் இரவு நீவிவிடச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருகை, கழித்த கணக்கில் அவனுக்கு இரண்டு வயது நிறையும் வாரத்தில். அட்டையின் கடைசிக் கட்டத்தில் அந்தத் தேதியை எழுதிவிட்டு, அதற்கு மேலிருந்த "திருத்திய வயது" என்ற வரியைச் சிகிச்சையாளர் பென்சிலால் லேசாக அடித்தார். அதற்குப் பிறகு அவனுக்கும் ஒரே வயதுதான்.